இருபதாம் வளைவு

கொடுவாள் மலைக்கு முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பலகையில் கறுப்பில் ஒரு எண் இருந்தது. அந்த எண்களைத்தான் மலைக்காரர்கள் ஊர்ப்பெயர் போலச் சொல்லிக்கொண்டார்கள், ஒன்பதில் மண் சரிந்தது என்பார்கள், பதினாலில் வண்டி சூடாகும் என்பார்கள், இருபத்தேழில் வாந்தி வரும் என்பார்கள், பெண் பார்க்கப் போனவன்கூட முப்பத்தொன்றில் பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறான். பத்தொன்பதில் மாராயியின் டீக்கடை. மலை அவ்வளவுதான். இனிக் கதை.

மாராயியின் தம்பி நல்லண்ணன் முட்டை வியாபாரி. கோழிப்பண்ணைகள் எல்லாம் அடிவாரத்துப் புளியங்கரட்டில், முட்டை தின்கிறவர்கள் எல்லாம் மலை உச்சி மேட்டுநாட்டில். நடுவே நல்லண்ணனும் அவனுடைய நூறு சிசி வண்டியும். பின்னால் இருபது அட்டை முட்டையை ரப்பர் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு ஏறுவான். வளைவுக்கு வளைவு கியரைக் குறைப்பான், குறைக்கும்போது வண்டி விக்கும், விக்கியது குலுங்கும், குலுங்கியதில் இரண்டு முட்டை விரியும். பத்தொன்பதுக்கு வருவதற்குள் ஒரு அட்டை உடைசல் சேர்ந்துவிடும். அதை அக்கா கடையில் இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மீதியோடு மேலே போவான். அந்த உடைசல்தான் மாராயியின் ஆம்லெட். பஸ்காரர்கள், மிளகு லாரிக்காரர்கள், பலாப்பழ ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அதற்காக நின்றார்கள் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. வளைவில் எவனும் மெதுவாகித்தான் ஆக வேண்டும், மெதுவானவன் மூக்கில் வெங்காயம் வதங்குகிற வாசனை ஏறும், ஏறிவிட்டால் கால் பிரேக்கை விட்டு எழாது. மலை வண்டியை மெதுவாக்குகிறது, மெதுவான வண்டி தனக்குச் சோறு போடுகிறது. புருஷன் போன பதினாறு வருடத்தில் மாராயி கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். போதுமானதாக இருந்தது.

அக்காவுக்குச் சோறு போடும் உடைசல் தம்பிக்கு நஷ்டம். அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. சித்திரையில் ஒரு நாள் வண்டியைக் கொண்டுபோய்ப் புளியங்கரட்டு ரங்கதுரையின் பட்டறையில் விட்டு, மலைக்குப் பலம் பத்தவில்லை என்றான். ரங்கதுரை பேசுகிற மெக்கானிக் இல்லை. எஞ்சின் ஹெட்டைக் கழற்றினான், பிளாக்கை உருவினான், பழைய பிஸ்டனைப் பச்சைப்பிள்ளையின் முட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான், பிளாக்கை லேத்தில் ஏற்றித் துளையை அகலக் கடைந்தான், சேலத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்த பெரிய பிஸ்டன் ஒன்றை வாங்கி வந்து அதன் உடம்பைச் சுற்றி மூன்று இரும்பு ரிங் மாட்டி எண்ணெய் தடவி உள்ளே இறக்கினான். இது எந்த வண்டியில் இருந்தது என்று நல்லண்ணன் கேட்டான். கடைக்காரனுக்கே தெரியாதாம் என்றான் ரங்கதுரை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

முதலில் சந்தேகப்பட்டவள் மாராயி. பதினைந்தில் ஒரு இருமல், பதினாறில் ஒரு முனகல், பதினெட்டில் ஒரு கதறல் என்று தம்பியின் வண்டி வருகிற கணக்கில் பாலை அடுப்பில் ஏற்றுகிறவள் அவள். அன்று கியர் குறைகிற சொடுக்கு மட்டும் கேட்டது, இருமல் இல்லை, முனகல் இல்லை, கோடு இழுத்ததுபோல் ஒரே உறுமல் கீழிருந்து வந்து கடை முன்னால் நின்றது. நல்லண்ணன் இறங்கிச் சிரித்தான்.

“அக்கா, இன்னைக்கு ஒண்ணுகூட உடையல.”

அவள் நம்பவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அட்டை அட்டையாகத் தூக்கிப் பார்த்தாள், சில முட்டைகளைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அறுநூறும் முழுசு.

“எங்கடா ஒளிச்ச?”

ஒளிக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அன்று கடையில் ஆம்லெட் இல்லை.

மறுநாள் காலையில் இருபத்தேழாம் வளைவு இல்லை.

இருபத்தாறு இருந்தது, இருபத்தெட்டு இருந்தது, இடையில் நூலால் தைத்ததுபோல் தார் ரோடு நேராகச் சேர்ந்திருந்தது. இருபத்தேழில் கல் மேல் உட்கார்ந்து பஸ் ஜன்னல்களுக்கு எலுமிச்சம்பழம் நீட்டுகிற அங்காயி, ஒரு கண் சிமிட்டலில் தான் அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். கூடை மடியில்தான் இருந்தது, பழத்தில் மட்டும் இரண்டு குறைந்தது. அவள் அந்த இரண்டு பழத்தைத் தேடினாளே தவிர வளைவை உடனே தேடவில்லை. தேடப் போனபோது கல்லும் இல்லை, கல் இருந்த இடமும் இல்லை. ரோட்டு இலாகாவிலிருந்து ஒரு எஞ்சினியர் டேப்போடு வந்து இரண்டு நாள் அளந்தார். மலையின் உயரம் குறையவில்லை, ரோட்டின் ஏற்றம் கூடவில்லை, தூரம் மட்டும் குறைந்திருந்தது. ஆதியில் எண்ணியவர்கள் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். அப்புறம் நான்கு போனது, ஒன்பது போனது, முப்பத்தைந்து போனது.

மேட்டுநாட்டுக்காரர்கள் அடிவாரத்துக்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள், பண்ணைக்கு மண் வேண்டி வளைவை அள்ளிவிட்டார்கள் என்று. அடிவாரத்துக்காரர்கள் பாரஸ்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். பாரஸ்டுக்காரர்கள் வழக்கம்போல் விறகு பொறுக்குகிறவர்களைச் சந்தேகப்பட்டார்கள். எல்லாரும் கொஞ்ச நாள் அங்காயியைச் சந்தேகப்பட்டார்கள், ஏனென்றால் முதலில் போனது அவளுடைய வளைவு, அவள் போதுமான அளவு அழவில்லை.

மாராயி யாரையும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வண்டிச் சத்தத்தை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள்: தம்பி எந்த வளைவைக் கியர் குறைக்காமல் ஏறுகிறானோ அந்த வளைவு மறுநாள் இல்லை. புது பலத்தின் ருசி கண்டவன், எதிரே வண்டி வராத நேரம் பார்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பதில் மட்டும் பழக்கத்தில் கை தானாகக் குறைத்தது. குலுக்கல் இல்லை, உடைசல் இல்லை, ஆனால் குறைத்தது.

இருபதும் போனது. இருபதில் தொப்பளானின் கடை. பிரிட்ஜ் வைத்த கடை, பரோட்டா போடுகிற கடை, இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்துக் காலையிலிருந்து பாட்டு அலறுகிற கடை. அந்தப் பாட்டு ஒரு வளைவு இறங்கி வந்து மாராயியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொள்ளும். அவனைப் பார்த்து நிறுத்தினவர்கள் இவளைப் பார்த்து நிறுத்தவில்லை. அந்த வளைவு போனபோது தொப்பளான் மாவு பிசைந்துகொண்டிருந்தானாம். கண்ணைத் திறந்தால் ராசிபுரத்தில் மாமியார் வீட்டுக் கூடத்தில் நிற்கிறான், கையில் மாவு. மாமியார் என்ன திடீரென்று என்று கேட்டாளாம். வெறுங்கையோடு வரவில்லையே என்று திருப்தியும் பட்டாளாம்.

இதைக் கேட்டு மாராயி சிரித்தாள். அன்றும் அடுத்த நாளும் கடையில் கூட்டம். சும்மா டீ மட்டும்தான், ஆனால் கூட்டம். மூன்றாம் நாள் பால் கொதிக்கக் காத்திருக்கும்போது அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. இருபது போவதற்கு முந்தின நாள் தம்பியிடம் டீயை நீட்டிக்கொண்டே, அந்தத் தொப்பளான் பாட்டுக்கு ஒரு முடிவு வராதா என்று சொன்னவள் அவள்தான். சும்மா சொன்னது. சும்மாதான் சொன்னோமா என்று அவளுக்கே ஒரு சந்தேகம்.

பதினோரு வளைவு போனபிறகு, நல்லண்ணனின் வண்டிதான் தின்கிறது என்று ஊருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் ஊர் அதற்குப் பழகியும் விட்டது. பஸ் அரைமணி முன்னால் வந்தது. மிளகு லாரிக்கு டீசல் மிச்சம். பாம்பு கடித்த மாதேசன் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தான். வளைவு முழுக்க இருந்திருந்தால் நடுவழியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மாதேசனே சொன்னான். நல்லண்ணனைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். சந்தைக் கிழமையன்று மேட்டுநாட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கூட்டம் போட்டு, இனி அவன் இஷ்டத்துக்குத் தின்னக் கூடாது, ஊர் சொல்கிற வளைவைத்தான் தின்ன வேண்டும் என்று பேசினார்கள். ஆளாளுக்கு அடுத்தவன் வளைவைக் கொடுத்தார்கள். பஸ் டிரைவர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். கண்டக்டர் பத்து வளைவாவது வேண்டும் என்றார், இல்லாவிட்டால் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. தோட்டக்காரர்கள் தங்கள் பலா மரம் இருக்கிற வளைவை விட்டுவிட்டு மற்றதைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் ராசிபுரத்திலிருந்து வந்திருந்த தொப்பளான் எழுந்தான். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவன்.

“என் வளைவைத் தின்ன வண்டி, அக்கா கடை வந்தா மட்டும் கியரைக் குறைக்குதே, அது ஏன்னு யாராவது கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது எல்லாரும் நல்லண்ணனைப் பார்த்தார்கள். பார்வையிலேயே கணக்கு முடிந்துவிட்டது: அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் தொப்பளானைக் கிளப்பினார்கள். நல்லண்ணன் தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை காலையில் ஊர் முன்னால் பத்தொன்பதை எடுப்பது என்று முடிவானது.

அவனே கடைக்கு வந்து சொன்னான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொன்னான்.

“மேல சந்தைக்கு எதுக்க இடம் பாத்திருக்கேங்க்கா. ஓடு போட்ட கடை. உனக்குக் குறை வைக்க மாட்டேன்.”

“அங்க எவன்டா மெதுவாவான்?”

அவள் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

“இருபதை வேணும்னேதான் எடுத்தியா?”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். மலையைப் பத்தி எனக்கென்ன தெரியும்?” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பிறகு வண்டியை எடுத்தான். அவளும் அவன் போகிற திசையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமைக்காக எண்ணெய் மாற்றிக் கரி சுரண்டச் சொல்லி, வண்டியைச் சனிக்கிழமை பட்டறையில் விட்டிருந்தான். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மாராயி பகலில் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி அடிவாரம் இறங்கினாள். ரங்கதுரை அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை.

“நீ என்ன மாட்டினியோ அதைத் திறந்து காட்டுண்ணா,” என்றாள்.

“நான் கூடுதலாக் குடுத்தது ரெண்டு குதிரை பலம், மாராயி. இது பத்துக் குதிரை கூடுதலா ஓடுது. மீதி எட்டு யாரு குடுத்ததுன்னு ஒரு மாசமா எனக்கும் தூக்கம் இல்ல.”

சொல்லிவிட்டு ஹெட்டைக் கழற்றினான். எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. பிளாக்கைத் தூக்கினான். பரோட்டா கருகுகிற வாசனையும், எங்கோ தூரத்தில் ஒரு லாரி ஹாரனும் வந்தன. மூன்று ரிங் போட்ட பிஸ்டனில் பதினான்கு ரிங் இருந்தன. பிஸ்டன் அதே உயரம்தான்; பதினான்கும் எப்படி இடம் பிடித்தன என்று கேட்டு ஆவதொன்றும் இல்லை, இருந்தன. மூன்று புது இரும்பு நிறம். மீதிப் பதினொன்றும் தார் நிறம், ஒவ்வொன்றின் விளிம்பிலும் கடுகளவு மஞ்சள், மஞ்சளில் மயிரிழை அளவு எண். ரங்கதுரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினான். ரிங்கை விரித்துக் கழற்றுவது பதமான வேலை, கட்டைவிரல் கொஞ்சம் முரண்டினால் ஒடிந்துவிடும். பதினொன்றையும் ஒடியாமல் கழற்றி, கை துடைக்கிற துணியில் முடிந்து அவள் மடியில் வைத்தான்.

“இது என் சரக்கு இல்ல. கொண்டுபோயிரு. என்ன பண்ணினேன்னு எங்கிட்ட வந்து சொல்லாத.”

தம்பிக்கு என்ன சொல்வாய் என்று அவள் கேட்டாள். பிளாக்குக்குள் ஸ்லீவ் அடித்துத் துளையைக் குறுக்கிப் பழைய பிஸ்டனையே இறக்கிவிடுவேன், பெரியது தேய்ந்துபோய்விட்டது என்பேன், ஒரு மாதத்தில் எப்படித் தேய்ந்தது என்று அவன் சந்தேகப்படுவான், படட்டும் என்றான் ரங்கதுரை. அவன் அவ்வளவு பேசியதைப் பட்டறையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

மதியம் பஸ்ஸில் மாராயி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தினமும் தன் கல்லைத் தேடி மேலும் கீழும் போய்வருகிற அங்காயி, கூடையோடு முன் சீட்டில் இருந்தாள். மூன்றாம் பலகை தாண்டியதும் மாராயி முடிச்சில் கைவிட்டு நான்கு என்று எழுதிய ரிங்கை எடுத்து ஜன்னல் வழியாக விட்டாள். நேராக இருந்த ரோடு முதுகைச் சொடுக்கிக்கொண்டதுபோல் வளைந்தது, டிரைவர் ரோட்டின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார், ஒன்பதை விட்டாள், சரிந்த மண்ணோடு ஒன்பது வந்தது, பதினொன்று வந்தது, பதினாலு வந்து எஞ்சின் சூடாகிப் பஸ் பெருமூச்சு விட்டது, ஒரு மாதமாக வயிற்றை மறந்திருந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்தினார்கள், கண்டக்டர் மட்டும் நிம்மதியாக எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தார், பத்தொன்பதில் சாத்திய கடை தாண்டியது. அடுத்துக் கை முடிச்சுக்குள் போய் இருபதைத் தொட்டது. சூடாக இருந்தது. மாதேசனை நினைத்தாள், அவனுக்கு இன்னொரு பாம்பு வராது என்று சொல்ல முடியாது, ஒரு வளைவாவது குறைந்திருக்கட்டும் என்று நினைத்தாள், நினைத்தபடியே விரல் இருபதைத் தாண்டி அடுத்ததை எடுத்தது. இருபத்துமூன்று விழுந்தது, இருபத்துநாலு விழுந்தது, இருபத்தேழு விழுந்த நிமிஷம் முன் சீட்டில் அங்காயி இல்லை. வெளியே கல் மேல் உட்கார்ந்திருந்தாள், கூடையில் பழம் இரண்டு கூடியிருந்தது, ஜன்னல் ஜன்னலாகக் கை நீள அவள் எதுவும் நடக்காததுபோல் விற்கத் தொடங்கினாள். முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்தைந்து. உச்சி வந்தபோது முடிச்சில் ஒன்று மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஊர் திரண்டு பத்தொன்பதில் நின்றது. வளைவுகள் திரும்பியதைப் பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டார்கள்; பிஸ்டன் செரிக்காமல் கக்கிவிட்டது என்பது பெரும்பான்மை. கீழே பதினைந்தில் ஒரு இருமல் கேட்டது. பதினாறில் ஒரு முனகல். மாராயி பாலை அடுப்பில் ஏற்றினாள். பதினெட்டில் கதறிக்கொண்டு வந்த வண்டி, கடை முன்னால் கியர் குறைந்து, விக்கி, ஒரு குலுங்கு குலுங்கியது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கேட்டாள். முட்டை விரிகிற சத்தம்.

நல்லண்ணன் இறங்கினான். ஊர் அவனைப் பார்த்தது, அவன் வண்டியைப் பார்த்தான், பிறகு உடைசல் அட்டையை அவிழ்த்து எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். நீட்டினவன் கையை எடுக்கவில்லை.

“நீ ஒண்ணும் பண்ணலியேக்கா?”

“எனக்கு டீ போடத் தெரியும். வண்டியைப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

அவன் அட்டையை விட்டான். வெங்காயம் வதங்கியதும் ஊர் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு ஆம்லெட் தின்றது.

எல்லாரும் போனபின் தொப்பளான் மட்டும் பெஞ்சில் இருந்தான். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை காலையிலிருந்து மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“எல்லாரோடதும் வந்திருச்சு. என்னுது மட்டும் வரல.”

“ஆதியிலயே தப்பா எண்ணியிருப்பாங்க. இலாகாக்காரரே எழுதிக் குடுத்துட்டுப் போனாரே,” என்றாள் மாராயி.

அவன் அவளை நம்பவில்லை. அடுப்பைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்தான். அவள் டீத்தூளைப் போட்டு, வடிகட்டித் துணியை எடுத்து, தூக்கி ஆற்றி, கிளாஸை அவன் முன்னால் வைத்தாள். துணியின் வாயில் இதுவரை மூங்கில் வளையம் இருந்தது. இப்போது தார் நிறத்தில் ஒரு இரும்பு வளையம், இரண்டு முனையையும் செப்புக் கம்பியால் சேர்த்துக் கட்டியது. துணி நனைந்து ஒட்டியிருந்ததால் விளிம்பிலிருந்த மஞ்சள் எண் தெரியவில்லை.

ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொப்பளான் நிமிர்ந்தான்.

“டீ நல்லாத்தான் இருக்கு. எங்கயோ தினம் குடிச்ச மாதிரி இருக்கு.”

“சர்க்கரை போதுமா?”

போதும் என்றான். கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்தவன், ஒரு காலை வெளியே வைத்தபடி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டான். துணிக்குள்ளிருந்து மெல்லிசாகப் பாட்டுச் சத்தம் வருகிறதே என்றான்.

மாராயி துணியை முறுக்கி ஒட்டப் பிழிந்தாள். சத்தம் நின்றது.